விசாரிப்பது யாரிடம்?

என் பெரியம்மாவை வாட்ஸ்அப் காணொலி அழைப்பில் போலீஸ் வேடமிட்ட சிலர் அடைத்துவைத்திருந்த செய்தி குடும்பத்தில் பரவியபோது, துக்கம் விசாரிக்க வருபவர்களைப் போல உறவினர்கள் ஒவ்வொருவராகத் திருச்சிக்கு வந்து போனார்கள். வந்தவர்கள் அனைவரும் அன்பானவர்கள். ஆனாலும் கிளம்பும்போது வாசலில் நின்று, பெரியம்மாவின் காதில் விழாதபடி, ஏறக்குறைய எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “தலைமை ஆசிரியையா இருந்தவங்க, இதைப் போய் எப்படி நம்பினாங்க?” அந்தக் கேள்வி என்னை இன்னும் விடவில்லை. பொய் சொல்பவனின் முகத்திலோ குரலிலோ பேச்சிலோ பொய் எப்படியும் தெரிந்துவிடும், அறிவுள்ளவர் சற்று உற்றுக் கவனித்தால் அதைப் பிடித்துவிடலாம், பிடிக்கத் தவறியவர் ஏதோ ஒரு வகையில் அசட்டையாக இருந்துவிட்டார் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. இந்த எண்ணம் தவறு என்று இப்போது எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. அதைவிடக் கவலை தருவது, ஏமாற்றுபவர்களுக்கு நம்மிடமிருந்து கிடைக்கும் மிகப் பெரிய உதவியாகவும் இந்த எண்ணமே இருக்கிறது என்பதுதான்.

காணொலி அழைப்பில் மிரட்டி, நகரவிடாமல் வைத்துப் பணம் பறிக்கும் இந்த ‘டிஜிட்டல் கைது’ எப்படி நடக்கிறது என்பதை விரிவாக விளக்கத் தேவையில்லை. கூரியர் பார்சல், அதற்குள் போதைப்பொருள், மும்பை காவல்துறை, சரியாகச் சொல்லப்படும் ஆதார் எண் என்று அந்தக் கதை இன்று எல்லாருக்கும் மனப்பாடம். அரசு நாடாளுமன்றத்தில் அளித்த தகவலின்படி 2024இல் மட்டும் இந்த வகைக் குற்றங்களும் அவற்றைச் சார்ந்தவையும் 1,23,672 பதிவாகி, 1,935 கோடி ரூபாய் பறிபோயிருக்கிறது. இத்தனை பேரும் அசட்டையானவர்கள் என்று எவராலும் சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டில் ஏழு கோடி ரூபாய் இழந்தவர் வர்த்தமான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், பத்ம பூஷண் விருது பெற்றவர், வாழ்நாள் முழுவதும் ஒப்பந்தங்களையும் மனிதர்களையும் எடைபோட்டே ஒரு தொழிற்குழுமத்தை வளர்த்தவர். அவரை ஸ்கைப் வழியாக ஒரு போலி உச்ச நீதிமன்ற விசாரணையில் ‘ஆஜர்படுத்தினார்கள்’. தலைமை நீதிபதியாகப் பேசியவரின் முகம் தெரியவில்லை, குரலும் சுத்தியல் தட்டும் ஓசையும்தான் கேட்டன என்று அவரே பின்னர் ஊடகங்களிடம் சொன்னார். நம் நீதிமன்றங்களில் நீதிபதிகள் சுத்தியல் தட்டுவதில்லை. அந்த ஓசை திரைப்படங்கள் நமக்குப் பழக்கியது. உண்மையான நீதிமன்றம் எப்படி இருக்கும் என்று அறியாத மனம், தான் அறிந்த நீதிமன்றத்தை அந்த ஓசையில் கண்டுகொண்டது. ஏமாற்று வேலை நம் அறியாமையைவிட, நாம் ஏற்கெனவே அறிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பதில்தான் அதிகம் காலூன்றுகிறது.

அடுப்பை அணைக்க அனுமதி

பெரியம்மா இதைப் பற்றி நெடுநாள் பேசவில்லை. பிறகு ஒரு மாலையில், யாரும் கேட்காமலே, ஒரு சிறு சம்பவத்தை மட்டும் சொன்னார். கைபேசியைச் சமையல் மேடையில் பருப்பு டப்பாவின்மேல் சாய்த்து, கேமரா அவரை நோக்கி இருக்கும்படி வைத்திருந்திருக்கிறார். கேமராவின் பார்வையை விட்டு நகரக் கூடாது என்பது ‘விசாரணை அதிகாரி’யின் உத்தரவு. குக்கர் விசில் அடித்திருக்கிறது. எழுந்து போய் அணைத்துவிட்டால் தப்பாகிவிடுமோ என்று பயந்து, “சார், அடுப்பை அணைச்சுட்டு வரட்டுமா?” என்று கேட்டிருக்கிறார். திரையில் இருந்தவன் மிகுந்த மரியாதையுடன், “தாராளமா அணைச்சுட்டு வாங்க மேடம், அவசரமே இல்லை” என்று சொல்லியிருக்கிறான். “அந்த மரியாதையைப் பார்த்ததும் இவன் நிஜ போலீஸ்தான்னு தோணிடுச்சு” என்றார் பெரியம்மா.

இந்தக் குக்கர் சம்பவத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவன் அவரை அதுவரை மிரட்டியதைவிட, அடுப்பை அணைக்க அனுமதித்ததில்தான் அவர் முழுமையாக அவன் கைக்குள் வந்திருக்கிறார். தன் வீட்டில், தன் சமையலறையில், தன் அடுப்பை அணைப்பதற்கு ஒருவனிடம் அனுமதி கேட்டபிறகு, அவன் அனுமதி தர உரிமை உள்ளவன்தானா என்ற கேள்வி தானாகவே உதிர்ந்துபோகிறது. கேட்டவருடைய மனமே பதிலையும் தந்துவிடுகிறது: உரிமை இல்லாதவனிடம் நான் ஏன் கேட்டிருக்கப்போகிறேன்? இங்கே உற்றுக் கவனிப்பதால் எந்தப் பயனும் இல்லை. பெரியம்மா கவனித்துக்கொண்டேதான் இருந்தார். அவன் முகத்தில் பதற்றம் இல்லை, குரல் தடுமாறவில்லை, பின்சுவரில் காவல்துறைச் சின்னம் இருந்தது, சீருடை கச்சிதமாக இருந்தது. அவர் பார்த்த அத்தனையும் அவனை மெய்ப்பித்தன.

அவர் சந்தேகப்படாமலும் இல்லை. தொடக்கத்திலேயே, “நீங்க போலீஸ்னு நான் எப்படி நம்பறது?” என்று நேரடியாகக் கேட்டிருக்கிறார். உடனே அடையாள அட்டையின் படம் வந்தது, முத்திரை வைத்த கடிதம் வந்தது, ‘மேலதிகாரி’ அழைப்பில் இணைந்தார். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். பெரியம்மா தீர விசாரித்தார். ஆனால் அவர் விசாரித்தது அதே மனிதர்களிடம், அதே அழைப்புக்குள். சந்தேகப்படுபவரின் கேள்விகளுக்கு எல்லாம் பதில் வைத்திருப்பவனிடமே விசாரித்தால், ஒவ்வொரு கேள்வியும் சந்தேகத்தைக் குறைத்துக்கொண்டே போகும். “யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் அவர்களும் குற்றவாளிகள் ஆவார்கள்” என்ற கட்டளையை இவர்கள் முதலிலேயே இடுவதற்குக் காரணம் இதுதான். பயமுறுத்துவது அதன் ஒரு பயன் மட்டுமே. விசாரிக்கத் தக்க வேறு ஆள் இல்லாமல் செய்வதுதான் அதன் முதன்மையான வேலை. ஏமாற்றின் மற்ற பகுதிகள் எல்லாம் அதற்குப் பிறகு எளிது.

முகத்தில் தெரியுமா?

பொய்யைக் கண்டுபிடிக்கும் திறனைப் பற்றி உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாக ஆய்ந்திருக்கிறார்கள். சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் 2006இல், அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 24,000க்கும் மேற்பட்டவர்கள் செய்த கணிப்புகள் அவற்றில் இருந்தன. பேசுபவர் உண்மை சொல்கிறாரா, பொய் சொல்கிறாரா என்பதை மக்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலே 50 கிடைத்திருக்கும். காவல்துறையினர் போன்ற தொழில்முறையாளர்களும் இதில் பெரிதாக மேம்படவில்லை. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், 58 நாடுகளில் மக்களிடம் பொய்யனை எப்படி அடையாளம் காண்பீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலான நாடுகளில் அதிகமாகக் கிடைத்த பதில், அவன் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டான் என்பது. பெரியவர்கள் முன்னால் கண்ணைத் தாழ்த்திப் பேசுவதையே பணிவு என்று வளர்க்கப்பட்ட நம்மவர்களும் இதைத்தான் சொல்கிறோம் என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

காணொலியில் இந்த அடையாளம் முற்றிலும் தலைகீழாகிவிடுகிறது. திரையில் தெரியும் மகளின் கண்களை அன்போடு பார்த்துப் பேசும் தாயின் பார்வை, கேமராவுக்குச் சற்றுக் கீழே இருப்பதால், மகளுக்குத் தாழ்ந்த பார்வையாகவே தெரியும். கேமரா துளையையே வெறித்துப் பார்த்தபடி, அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் படிப்பவன்தான் நம் கண்ணுக்குள் நேராகப் பார்ப்பவனாகத் தோன்றுவான். குரல் தாமதம், படம் உறைதல், சொல் விடுபடுதல் என்று பதற்றத்தின் அடையாளங்களாக நாம் நினைப்பவை எல்லாம் இணைய இணைப்பின் கோளாறுகளாகவும் இருக்கலாம். ஆகவே பொய்யன் தடுமாறினாலும் நாம் அதை வைஃபையின் கணக்கில் எழுதி மன்னித்துவிடுகிறோம்.

இதில் இன்னொரு நம்பிக்கையும் உண்டு: எழுத்தில் வருவதை நம்பாதே, குரலைக் கேள், குரலையும் நம்பாதே, முகத்தைப் பார் என்ற படிவரிசை. ஹாங்காங்கில் 2024 தொடக்கத்தில் நடந்தது அந்த வரிசையைக் கலைத்துவிட்டது. அரூப் என்னும் பொறியியல் நிறுவனத்தின் நிதிப் பிரிவு ஊழியர் ஒருவருக்கு, பிரிட்டனில் இருக்கும் தலைமை நிதி அதிகாரியின் பெயரில் இரகசியப் பரிவர்த்தனை பற்றி ஒரு செய்தி வந்தது. அவர் அதைச் சந்தேகித்தார். அந்தச் சந்தேகம் மிகச் சரியானது. பிறகு காணொலிக் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டார். அங்கே நிதி அதிகாரியும் தனக்குத் தெரிந்த சக ஊழியர்களும் இருப்பதைப் பார்த்தார், அவர்களுடைய குரலைக் கேட்டார், சந்தேகத்தைக் கைவிட்டார். கூட்டத்தில் அவரைத் தவிர மற்ற எல்லாரும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட போலிகள். 15 பரிமாற்றங்களில் ஏறக்குறைய 20 கோடி ஹாங்காங் டாலர் போய்விட்டது. எழுத்தைச் சந்தேகிக்கத் தெரிந்தவரை முகம் சமாதானப்படுத்திவிட்டது. தலைமையகத்தோடு அவர் தனியாகத் தொடர்புகொண்டு பேசியபோதுதான் உண்மை வெளிவந்தது.

தலையை ஒரு பக்கமாகத் திருப்பச் சொல்லுங்கள், முகத்தின் குறுக்கே கையை அசைக்கச் சொல்லுங்கள், போலி என்றால் படம் கலங்கும் என்று இப்போது பலர் அறிவுரை சொல்கிறார்கள். கேட்டால் தவறில்லை. ஆனால் இது மீண்டும் முகத்துக்குள்ளேயே உண்மையைத் தேடும் வேலை. தொழில்நுட்பம் மேம்பட மேம்பட அந்தக் கலக்கமும் மறைந்துவிடும். மேலும் என் பெரியம்மாவை ஏமாற்றியவனுக்கு அந்தத் தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. அவன் உண்மையான மனிதன், அவன் முகமும் உண்மையானது. தலையை எந்தப் பக்கம் திருப்பச் சொன்னாலும் அழகாகத் திருப்பியிருப்பான். ஒருவேளை அவனே எங்கோ அடைபட்டுக் கிடக்கும் ஒருவனாகவும் இருக்கலாம். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடியில் சிக்கி, இத்தகைய மோசடிகளைச் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022இல் மீட்கப்பட்டுச் சென்னைக்குத் திரும்பியதை நாம் மறந்துவிடக் கூடாது. அவர்களையும் முதலில் ஏமாற்றியது ஒரு பொய்யான வேலை வாக்குறுதிதான்.

வங்கியில் கேட்ட ஒரு கேள்வி

பெரியம்மா எப்படித் தப்பினார் என்பதில்தான் எனக்கு இந்த விஷயம் திறந்தது. அவருடைய வைப்புத்தொகையை முன்கூட்டியே முடித்து, ‘ரிசர்வ் வங்கிச் சரிபார்ப்புக்காக’ ஒரு கணக்குக்கு ஆர்டிஜிஎஸ் வழியாக அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அழைப்பைத் துண்டிக்காமல் கைபேசியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கிளைக்குப் போகவேண்டும், யாராவது கேட்டால் வீடு வாங்குவதாகச் சொல்லவேண்டும் என்பதும் உத்தரவு. அவர் போனார். கவுன்ட்டரில் இருந்த அலுவலர் அவரைப் பல ஆண்டுகளாக அறிந்தவர். விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, “இப்ப உடைச்சா வட்டி போயிடுமே டீச்சர், எதுக்கு?” என்று கேட்டிருக்கிறார். வீடு வாங்கப்போகிறேன் என்று சொல்லிக்கொடுத்தபடியே பெரியம்மா பதில் சொல்லியிருக்கிறார். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பேசியவர், குரல் நடுங்கியிருக்காது. அந்த அலுவலர் அவர் முகத்தைப் படிக்க முயலவில்லை. “தம்பி என்ன சொன்னார்?” என்று மட்டும் கேட்டிருக்கிறார். பெரியம்மாவின் மகன் அமெரிக்காவில் இருக்கிறார். ஒரு லட்சம் ரூபாயை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றுவதென்றாலும் ஞாயிற்றுக்கிழமை மகனிடம் பேசிவிட்டுத் திங்கட்கிழமை வருவதுதான் அவர் வழக்கம் என்பது அந்த அலுவலருக்குத் தெரியும். “அவனுக்குத் தெரியாது” என்று பெரியம்மா சொன்னார்.

அது பொய்யில்லை, முழு உண்மை. அந்த உண்மைதான் பொய்யை உடைத்தது. மகனுக்குத் தெரியாமல் டீச்சர் வீடு வாங்க மாட்டார் என்பது அலுவலருடைய அறிவு. அது எந்த முகத்திலும் எந்தக் குரலிலும் இல்லை, அந்த அழைப்பில் இருந்த யாருக்கும் கிடைக்கக்கூடியதும் இல்லை. “பையை இங்கேயே வெச்சுட்டு வாங்க டீச்சர், மேனேஜர் கையெழுத்து வேணும்” என்று சொல்லி அவரை அறைக்குள் அழைத்துப் போயிருக்கிறார். கைபேசி கவுன்ட்டரிலேயே இருந்தது. இரண்டு நாளில் முதல்முறையாக அந்தக் குரல் கேட்காத ஓர் அறையில் பெரியம்மா உட்கார்ந்தார். அங்கே வைத்து மேலாளர், இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்றே கிடையாது என்று சொன்னதும் அவர் அழத் தொடங்கிவிட்டார். முந்தைய நாளே கைபேசி வழியாக அனுப்பிய ஒரு தொகை போயிருந்தது. இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் செய்ததில் அதில் ஒரு பகுதி முடக்கப்பட்டது. வைப்புத்தொகை தப்பியது.

ஆய்வாளர்கள் ஹீ சுன் பார்க், டிமதி லெவின் முதலியோர் 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத்தான் சொல்கிறது. ஆய்வுக்கூடத்தில் பொய்களைக் காட்டிக் கண்டுபிடிக்கச் சொல்வதற்குப் பதிலாக, உங்கள் வாழ்க்கையில் ஒரு பொய்யை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவர்கள் மாணவர்களிடம் கேட்டார்கள். மூன்றாம் நபர் சொன்ன தகவல், கையில் கிடைத்த சான்று, பொய் சொன்னவரே பின்னால் ஒப்புக்கொண்டது ஆகியவைதான் பெரும்பாலான பதில்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவரின் பேச்சையும் நடவடிக்கையையும் மட்டும் வைத்துக் கண்டுபிடித்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. லெவின் பின்னர் இதை விரித்து, மனிதர்கள் ஒருவர் சொல்வதை உண்மை என்றே எடுத்துக்கொண்டு தொடங்குகிறார்கள், அப்படி இல்லாவிட்டால் எந்தப் பேச்சும் நடக்காது என்று வாதிட்டார். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். நம்புவது பெரியம்மாவின் குறை அல்ல. முப்பது ஆண்டுகள் பிள்ளைகள் சொன்னதை நம்பித்தான் அவர் நல்லாசிரியராக இருந்தார். அவரைச் சந்தேகப் பிராணியாக மாற்றுவதுதான் தீர்வு என்றால், அந்தத் தீர்வு எனக்கு வேண்டாம்.

2024 ஜூலையில் ஃபெராரி நிறுவனத்தில் நடந்ததும் இதே வகை. தலைமைச் செயல் அதிகாரியின் குரலில், அவருடைய தென் இத்தாலிய உச்சரிப்போடு, ஓர் உயரதிகாரிக்கு அழைப்பு வந்தது. அந்த உயரதிகாரி, சில நாள் முன்பு நீங்கள் எனக்குப் பரிந்துரைத்த புத்தகம் எது என்று கேட்டார். அழைப்பு உடனே துண்டிக்கப்பட்டது. அவர் அதற்குமுன் குரலில் ஏதோ இயந்திரத்தனத்தைக் கவனித்ததாகவும் செய்தி உண்டு. ஆனால் முடிவு செய்தது, இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு நினைவு. வங்கி அலுவலர் கேட்ட “தம்பி என்ன சொன்னார்?” என்பதும் அந்த இனத்தைச் சேர்ந்த கேள்விதான்.

எனவேதான் “எப்படி நம்பினாங்க?” என்ற கேள்வியை நான் எதிர்க்கிறேன். அதைக் கேட்டுப் பழகிய குடும்பத்தில், அடுத்த முறை அழைப்பில் சிக்கும் பெரியவர், வெட்கத்துக்குப் பயந்தே யாரிடமும் சொல்லாமல் இருப்பார். யாரிடமும் சொல்லாதே என்ற கட்டளையை அந்த மோசடிக்காரன் சொல்லும் முன்பே நாம் நிறைவேற்றிக் கொடுத்துவிடுகிறோம்.

யார் யாருக்கு நிரூபிப்பது

குடும்பங்கள் இதைத் தங்களுக்குள் ஓரளவு சரிசெய்துகொள்ளலாம். நிறுவனங்களின் பக்கம்தான் எனக்குக் கோபம் இருக்கிறது. ஒரு வங்கியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தால், பேசுபவர் முதலில் கேட்பது என் பிறந்த தேதியை. நான் யார் என்பதை நான் நிரூபிக்கவேண்டும். அவர் யார் என்பதை அவர் நிரூபிப்பதில்லை. திருப்பிக் கேட்டால், “பாதுகாப்புக்காகத்தான் சார் கேட்கிறோம்” என்கிறார்கள். அழைப்பவர் தன்னை நிரூபிக்கத் தேவையில்லை என்ற பழக்கத்தை உண்மையான நிறுவனங்களே ஆண்டுக்கணக்காக நமக்கு ஊட்டிவிட்டு, மோசடிக்காரன் அதே பழக்கத்தைப் பயன்படுத்தும்போது விழிப்புணர்வு இல்லை என்று வாடிக்கையாளரைக் குறை சொல்வது நியாயம் இல்லை.

நிலைமை கொஞ்சம் மாறிவருகிறது. பிறந்த தேதியைக் கேட்கும் அந்த வழக்கத்தைத் தொடாவிட்டாலும், சேவை சார்ந்த அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களையே வங்கிகள் பயன்படுத்தவேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. வங்கிகளின் இணைய முகவரிகள் ‘.பேங்க்.இன்’ என்று முடியவேண்டும் என்பதற்கு 2025 அக்டோபர் 31 கெடு வைக்கப்பட்டது. காவல்துறை, ஆஜராகச் சொல்லும் அறிவிப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொன்னது. இந்த ஆணையை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். உண்மையான காவலர் வாட்ஸ்அப்பில் அறிவிப்பு அனுப்பும் வழக்கம் ஓரளவு இருந்தாலே, போலிக் காவலரின் அறிவிப்பும் நம்பத்தக்கதாகிவிடும்.

இருந்தும் ஒன்று குறைகிறது. பிரிட்டனில் 2021 முதல் 159 என்று ஓர் எண் இருக்கிறது. சந்தேகத்துக்குரிய அழைப்பு வந்தால் அதைத் துண்டித்துவிட்டு 159ஐ அழைத்தால், இத்திட்டத்தில் சேர்ந்துள்ள வங்கிகளில் நம்முடைய வங்கிக்கு நேரடியாக இணைத்துவிடுவார்கள். அங்கே மொன்சோ என்ற வங்கி, தன் ஊழியர் அந்த நேரத்தில் உண்மையாகவே வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்கிறாரா என்பதைத் தன் செயலியிலேயே காட்டுகிறது. நம்மிடம் உள்ள 1930 பெரும்பாலும் பணம் போனபிறகு அழைக்கப்படும் எண். பணம் போகும் முன்பு, பார்சலில் போதைப்பொருள் என்று ஒருவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இப்படி ஒரு வழக்கு என் பெயரில் இருக்கிறதா என்று ஒரு பெரியவர் தமிழில் கேட்டு, இருக்கிறது அல்லது இல்லை என்று அந்த நிமிடமே பதில் பெறும் ஓர் எண் நமக்கு வேண்டும். வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் காவல்துறையும் சேர்ந்து ஏற்று நடத்த வேண்டிய எண் அது. ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று கைபேசி மணியடிக்கும் முன்பே நம் காதில் சொல்ல வழி கண்டவர்களுக்கு, அந்த எண்ணையும் அதே இடத்தில் சொல்வது கடினம் இல்லை.